வீக்கம் வடிந்தால் கால் சரியாகிவிட்டதா?

கேள்வி: ஐயா, அந்தியூர் சந்தையில் வாங்கிய பெட்டைக் குதிரை, வயது ஏழு. வண்டிப் பந்தயத்துக்கு ஓட்டுகிறோம். ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு பந்தயம் முடிந்ததிலிருந்து இடது முன்னங்காலில் நொண்டல். டாக்டர் ஸ்கேன் எடுத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே பின்பக்கத் தசைநாணில் கிழிசல், ஓய்வு கொடுங்கள் என்றார். இப்போது வீக்கம் இல்லை, நொண்டலும் தெரியவில்லை. வைகை மணலில் நடக்கவிட்டால் கால் உறுதிப்படும் என்கிறார்கள். சூடு வைக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எதைச் செய்யலாம்?
- வாசகர், மேலூர்

பதில்: இரண்டுமே வேண்டாம். அழகர் குதிரையில் வைகையில் இறங்கட்டும், உங்கள் குதிரை இப்போதைக்கு இறங்க வேண்டாம். ஆழமான மணலில் குளம்பு புதையப் புதைய, ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கிழிந்த தசைநாண்தான் இழுபடும். கண்மாய்ச் சேறும் அப்படித்தான்.

பயப்பட வேண்டிய கட்டமே இதுதான். வீக்கமும் வலியும் சில வாரங்களில் போய்விடும், ஆனால் தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் உள்ளே கிழிசல் கூடி உறுதிப்பட 9 முதல் 12 மாதம் ஆகும். புதிதாக உருவாகும் இழைகள் முதலில் தாறுமாறாகத்தான் இருக்கும், அளவான நடைதான் அவற்றை நேராக வரிசைப்படுத்துகிறது. அதனால் கட்டியே போட்டாலும் தப்பு, நன்றாக இருக்கிறதே என்று வண்டியில் பூட்டினால் அதைவிடப் பெரிய தப்பு.

உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, கையில் பிடித்து நடத்த ஆரம்பியுங்கள். மேடுபள்ளம் இல்லாத இறுகிய மண்பாதையில், காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம், நேர்க்கோட்டில். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் போதும். சின்ன வட்டத்தில் சுற்றவிடக் கூடாது, யாரும் மேலே ஏறி உட்காரக் கூடாது. பல நாள் கொட்டடியில் நின்ற குதிரை வெளியே வந்ததும் துள்ளும், அந்த ஒரு துள்ளலில் எல்லாம் பாழாகலாம், அதனால் கொஞ்சம் வைக்கோல் தின்ற பிறகு, பஸ் சத்தம் தொடங்குவதற்கு முன் கூட்டிப்போங்கள், துணைக்கு ஒரு ஆள் இருக்கட்டும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்த்து, டாக்டர் சரி என்றால் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் மெதுஓட்டம். வெறும் வண்டி அதற்கும் அப்புறம். இந்த வருஷப் பந்தயத்தை மறந்துவிடுங்கள்.

தினமும் நடத்துவதற்கு முன் இரண்டு முன்னங்கால்களையும் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். அடிபட்ட கால் மற்றதைவிடச் சூடாகவோ தடிப்பாகவோ இருந்தால் அன்று நடை கிடையாது, 15-20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள், அடங்கிய பிறகு முந்தைய வார அளவிலிருந்து தொடங்குங்கள். வலி ஊசி போட்டுவிட்டு நடத்துவதில் எனக்குச் சம்மதமில்லை, வலி மறைந்தால் எச்சரிக்கையும் மறைந்துவிடும். அதிலும் டைக்ளோபினாக் கேட்டு வாங்காதீர்கள், பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததால் 2006-லேயே கால்நடைகளுக்குத் தடை செய்த மருந்து அது.

நடை முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது ஒரு கேரட்டைக் காட்டி, மூக்கை விலாப்பக்கம் ஒரு தடவை, முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு தடவை கொண்டுவரச் செய்து 5 முதல் 10 விநாடி நிறுத்துங்கள். வலுக்கட்டாயமாக இழுக்க வேண்டாம், கேரட் இழுக்கும். தோளையும் முதுகையும் கையால் நீவிவிடுங்கள், இத்தனை நாள் பாரத்தை மாற்றி மாற்றி நின்றதில் அங்கே பிடிப்பு இருக்கும்.

கொள்ளுத் தீனியைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். வேலையில்லாத குதிரைக்குப் பந்தயத் தீனி போட்டால் கொழுப்பும் துள்ளலும்தான் மிச்சம், குளம்பு அழற்சியும் வரலாம். உலர்புல் வயிறாரப் போடுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரரை வரவழையுங்கள், குளம்பின் முன்பகுதி நீண்டுவிட்டால் பின்பக்கத் தசைநாண்தான் இழுபடும்.

சூடு விஷயம்: சூடு வைத்துச் சரியான குதிரைகளும் உண்டு, மறுக்கவில்லை. புண் ஆறும்வரை யாரும் அவற்றை ஓட்டவில்லையே, அதுதான் வைத்தியம். அந்த ஓய்வைச் சூடு வைக்காமலே கொடுக்கலாமே.

கேள்வி: எந்தக் கால் நொண்டுகிறது என்று கண்டுபிடிப்பதே குழப்பமாக இருக்கிறது. வழி உண்டா?
- வாசகர், சோழவந்தான்

பதில்: சிமெண்ட் ரோட்டில் தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்து மெதுவாக ஓடவிட்டு, எதிரே நின்று பாருங்கள். முன்னங்கால் என்றால், வலிக்கும் கால் ஊன்றும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது இறங்கும். பின்னங்காலுக்குப் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள், வலிக்கும் பக்கம் அதிகமாக ஏறி இறங்கும். போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இன்னும் தெளிவு.

நேற்று நன்றாக இருந்து இன்று ஒரு காலை ஊன்றவே முடியவில்லை என்றால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நடத்தாமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு போன் செய்யுங்கள். பெரும்பாலும் குளம்புக்குள் சீழ், இல்லாவிட்டால் ஆணி. ஆணி என்றால் எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் என்று டாக்டர் பார்க்கும்வரை பிடுங்காமல் இருப்பது நல்லது, அது மேலும் ஏறாதபடி காலை ஊன்றவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், மாட்டைவிடக் குதிரைக்கு அது சுலபத்தில் வரும்.