ஹாம் ரேடியோவுக்காக லினக்ஸுக்கு மாறலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 10 ஓடுகிறது, அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, ஹாம் ரேடியோவுக்கு (உரிமம் பெற்று பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போதுமா என்று.

தாராளமாகப் போதும். ஆயர் ஈத்தாமில் என் வீட்டு மேசையில் அதுதான் ஓடுகிறது. கணினி வழியே குறுஞ்செய்திகளைப் பரிமாறும் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறைக்கு டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ், மற்ற டிஜிட்டல் முறைகளுக்கு எஃப்எல்டிஜி, கையடக்க ரேடியோவில் அலைவரிசைகளை ஏற்ற சிர்ப். மூன்றும் இலவசம், மூன்றின் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது.

பலரும் இடறி விழும் இடம் சீரியல் போர்ட், அதாவது கணினி ரேடியோவோடு பேசும் இணைப்பு. ரேடியோவை யுஎஸ்பி கேபிளில் இணைப்பீர்கள். மென்பொருள் 'அனுமதி இல்லை' என்று சொல்லும். நானும் ஒரு சனிக்கிழமை இரவு முழுக்க கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கேபிள் நன்றாகத்தான் இருந்தது. உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளில் அந்தப் போர்ட்டைத் தொட உங்கள் பயனர் கணக்கு 'டயல்அவுட்' குழுவில் இருக்க வேண்டும். சேர்த்துவிட்டு, ஒருமுறை லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். உபுண்டு 22.04 என்றால் இன்னொன்றும் உண்டு: பிரெய்லி கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல், சிஎச்340 சில்லு உள்ள கேபிளைத் தன் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். பிரெய்லி கருவி உங்களிடம் இல்லையென்றால் அதை நீக்கிவிடலாம்.

அப்புறம் கடிகாரம். எஃப்டி8-ல் 15 விநாடிக்கு ஒரு சுற்று. நேரம் சில விநாடி பிசகினாலே திரையில் சிக்னல் கோடுகள் ஓடும், ஒரு கால்சைன்கூட (நிலையத்தின் அழைப்புக் குறி) வராது. குரோனி என்ற நிரலை நிறுவி இணையத்தோடு நேரத்தைச் சரிபார்க்க விடுங்கள்.

சரி, விண்டோஸை உடனே அழித்துவிடாதீர்கள். சில ரேடியோக்களின் ஃபர்ம்வேரை (ரேடியோவுக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிக்க அது வேண்டியிருக்கும். முதலில் பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பாருங்கள்.