ஐஸ்ல உப்பு போட்டு திட்டு வாங்குன தம்பிக்கு

கேள்வி: அண்ணே, பாம்பன்ல பிளஸ் டூ படிக்கிறேன், அப்பா மீன் யாவாரம். குல்ஃபிக்காரர் ஐஸ்ல கல்லுப்பு போடுறத பாத்துட்டு நானும் மீன் பெட்டியில ரெண்டு கை அள்ளி போட்டேன். விரல் மரத்துப்போற அளவுக்கு சில்லுனு ஆச்சு, ஆனா ஐஸ் மடமடனு கரைஞ்சு அப்பாகிட்ட செம திட்டு. கரைஞ்சா சூடு ஏறத்தானே செய்யணும்? இதுல என்ட்ரோபி இருக்குனு சார் வேற சொல்றாரு.

பதில்: தம்பி, அப்பா திட்டுனது நியாயம்தான். மொதல்ல வெப்பநிலை வேற, வெப்பம் வேற. 90 டிகிரியில ஒரு டம்ளர் தண்ணி, 200 மில்லினு வச்சுக்க, பக்கத்துல வெயில்ல கெடந்த அண்டா தண்ணி, 35 டிகிரி, 20 லிட்டர். கைய சுடுறது டம்ளர்தான், ஆனா அத 0 டிகிரி ஐஸ்ல ஊத்துனா கால் கிலோ கூட கரையாது, அண்டாவ கவுத்தா எட்டரை கிலோவுக்கு மேல கரைஞ்சிரும். வெப்பம்ங்கிறது கைமாறுற சரக்கு.

ஒரு கிராம் ஐஸ் கரைய 334 ஜூல் வெப்பம் வேணும். 0 டிகிரியில ஐஸும் தண்ணியும் சேந்து கெடக்கும்போது கட்டியில இருந்து எத்தனை மூலக்கூறு கழளுதோ அத்தனை திரும்ப வந்து ஒட்டிக்கும். மேல இருக்குற ஈரத்துல உப்பு கரைஞ்சதும் திரும்ப ஒட்டுறது கொறஞ்சிரும், கழளுறது அதுபாட்டுக்கு கழளும், அதான் மடமடனு கரையுது. சரி, அந்த 334 ஜூல யாரு குடுக்குறது? பக்கத்துல இருக்குற ஐஸு, உப்புத்தண்ணி, மீனு, உன் விரலு, எல்லாத்துகிட்டயும் புடுங்கிக்குது. மூணு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்புனு நல்லா கலந்தா மைனஸ் 21 டிகிரி வரைக்கும் எறங்கும்.

இவ்ளோ வெப்பத்த வாங்கிக்கிட்டு எதுக்கு தானா கரையணும்னு கேட்டா, அங்கதான் என்ட்ரோபி. என்ட்ரோபின்னா அலங்கோலமா கெடக்குற ரூம் மாதிரினு ஒரு கதைய சொல்லுவாங்க, எனக்கு அது புடிக்காது. மூலக்கூறுங்க எத்தனை விதமா இருக்க முடியும், சக்திய எத்தனை விதமா பங்கு போட்டுக்க முடியும், அந்த கணக்கு அது. ஐஸ்ல ஒவ்வொண்ணும் அதது எடத்துல உக்காந்திருக்கு, தண்ணியில வழி ஜாஸ்தி, உப்புத்தண்ணியில இன்னும் ஜாஸ்தி. 1865-ல கிளாசியஸ்ங்கிற ஜெர்மன் இயற்பியலாளர் இந்த பேர வச்சாரு. கணக்கு பெருசா இல்ல, 334-அ 273 கெல்வினால (0 டிகிரிதான் அது) வகுத்தா, கரையுற ஒவ்வொரு கிராமுக்கும் ஏறுற என்ட்ரோபி, கெல்வினுக்கு 1.2 ஜூல் சொச்சம்னு வரும். குளுந்துபோற மீனு என்ட்ரோபிய இழக்கத்தான் செய்யுது, ஆனா கரையுற ஐஸ் பக்கம் ஏறுறது அதவிட அதிகம்.

ஐஸ் கம்பெனிக்குள்ள ஒருநாள் எட்டிப்பாரு. தகர கேன்ல நல்ல தண்ணி, சுத்தி தொட்டியில 0-க்கு கீழ குளுந்த உப்புத்தண்ணி, கேனுக்குள்ள ஒறையும், தொட்டி ஒறையாது. பெட்டியில மட்டும் உப்பு வேணாம், மீனுக்கு 0 டிகிரி போதும், ஐஸ் ரொம்ப நேரம் நிக்கணும்.

கேள்வி: தனுஷ்கோடியில மத்தியானம் மணல்ல கால் வைக்க முடியல, தண்ணி மட்டும் எப்படி அப்படியே இருக்கு? (கீழக்கரை வாசகி)

பதில்: ஒரு கிலோ மணல ஒரு டிகிரி ஏத்த சுமார் 800 ஜூல் போதும்மா, தண்ணிக்கு 4,180 வேணும். போதாததுக்கு மணல்ல மேல்தோல் மட்டும் காயும், கால அரை அடி உள்ள விட்டு பாருங்க, குளுகுளுனு இருக்கும், கடல்ல அலை மேலயும் கீழயும் கலக்கிக்கிட்டே இருக்குல்ல.