மருத்துவக் கனவும் பாதிச் சேமிப்பும்: எதை எப்போது முடிவு செய்வது?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. அடுத்த ஆண்டு மருத்துவப் படிப்புக்கு உள்நாட்டிலும் பிரிட்டனிலும் விண்ணப்பிக்க விரும்புகிறாள். பத்து ஆண்டுகளாகப் பங்குசார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் சேர்த்துவந்த பணம், மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதிக்கு வரும். மீதிக்கு எங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பை எடுப்பதா, கல்விக் கடன் வாங்குவதா? பணக் கணக்கை அவளிடம் சொன்னால் படிப்பில் கவனம் சிதறும் என்கிறார் என் மனைவி. எங்களுக்கு 14 வயதில் ஒரு மகனும் இருக்கிறான்.

பதில்: எவ்வளவு தேவைப்படும் என்பதை நீங்கள் ஏற்கெனவே கணக்கிட்டுவிட்டீர்கள். எப்போது தேவைப்படும் என்பதைக் கடிதத்தில் காணவில்லை. என் அனுபவத்தில், மருத்துவ விண்ணப்பக் காலத்தில் பெற்றோரைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் தேதிகள்தான்.

பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். அங்கே பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பெறும் யூகாஸ் (UCAS) அமைப்பின் வழியாக மருத்துவத்துக்கு அதிகபட்சம் நான்கு இடங்களுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். படிப்பு தொடங்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் அக்டோபர் 15ஆம் தேதியோடு வாய்ப்பு முடிந்துவிடும். பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும் யூகேட் (UCAT) என்ற நுழைவுத் தேர்வை அதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும், அதுவும் ஒரு சேர்க்கைச் சுற்றில் ஒரே முறைதான். ஆகவே பயிற்சிக்கும் தேர்வுக்கும் ஆகும் செலவு, நீங்கள் நினைத்திருப்பதைவிடப் பல மாதங்கள் முன்னதாகவே வந்துவிடும். இடம் கிடைத்த பிறகு விசாவுக்குப் பண ஆதாரம் காட்ட வேண்டியிருந்தால், உரிய தொகை கணக்கில் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருந்திருக்க வேண்டும். பங்குகளிலும் பத்திரங்களிலும் இருக்கும் பணத்தை அதற்கு ஏற்பதில்லை; கடைசி நேரத்தில் விற்று வங்கியில் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

எனவே விண்ணப்பச் செலவு, முதலாண்டுக் கட்டணம், முதலாண்டு வாழ்க்கைச் செலவு ஆகிய மூன்றுக்குமான தொகையை இப்போதே பங்குச் சந்தையிலிருந்து வெளியே எடுத்து வைப்பு நிதிக்கு மாற்றிவிடுங்கள். சந்தை ஏறிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய யாருக்கும் மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் 2020 பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை, ஐந்தே வாரங்களுக்குள், அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு சுமார் 34 சதவீதம் சரிந்தது. பின்னர் அது மீண்டது உண்மைதான். கட்டணம் கட்டும் நாள் அதுவரை காத்திருக்காது. பின்னாண்டுகளுக்கான பணத்தை ஆண்டுக்கு ஒரு முறை இதே போலப் பகுதி பகுதியாக மாற்றிக்கொண்டு வரலாம்.

மீதிப் பாதிக்குக் கடன் வாங்குங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொடாதீர்கள். மருத்துவராகப் போகிறவளுக்குக் கடனை அடைக்க முப்பது ஆண்டு உழைப்பு முன்னால் இருக்கிறது. உங்களுக்கு அது இல்லை; ஓய்வுக்காலத்துக்கென்று எந்த வங்கியும் கல்விக் கடனைப் போலக் கடன் தருவதும் இல்லை. ஆனால் தவணை கட்டத் தேவையில்லாத படிப்புக் காலத்தை, அதாவது தவணை விலக்குக் காலத்தை, வட்டி விலக்குக் காலம் என்று எண்ணிவிட வேண்டாம். ஐந்தாண்டுப் படிப்புக்கு ஆண்டுத் தொடக்கத்தில் 100 வீதம் மொத்தம் 500 வாங்குவதாகவும், 10 சதவீத வட்டி ஆண்டுதோறும் அசலோடு சேர்வதாகவும் வைத்துக்கொண்டால், படிப்பு முடியும்போது கடன் ஏறக்குறைய 672 ஆகியிருக்கும். மேலும் ஓராண்டு எதுவும் கட்டாமல் விட்டால் 739. அந்தந்த ஆண்டின் வட்டியை மட்டும் நீங்கள் கட்டிக்கொண்டு வந்தால், மகள் தலையில் 500 கடன் மட்டுமே நிற்கும். முதலாண்டில் அந்த வட்டி 10, ஐந்தாம் ஆண்டில் 50 என்று ஏறிக்கொண்டே போகும். கடைசி இரண்டு ஆண்டுகளின் சுமையை உங்கள் மாதச் சம்பளம் தாங்குமா என்று இன்றே பாருங்கள். கடனுக்குக் கையெழுத்திடும் உங்கள் பெயரில் அந்தத் தொகைக்காவது ஒரு டேர்ம் காப்பீடு இருக்கட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை, மகனுக்கு வந்த சேர்க்கைக் கடிதத்தைக் கைபேசியில் திறந்து என் மேசைமேல் வைத்தார். முன்பணத்தை முந்தைய நாள் இரவே கட்டியிருந்தார். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டே போனதில், கடைசிப் பக்கத்தின் அடியில்தான் அந்த வரி இருந்தது: செலுத்திய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது. பத்து நாள் கழித்து அந்தப் பையனுக்கு அதைவிடக் குறைந்த கட்டணத்தில் வேறோர் இடம் கிடைத்தது. அவர் கணக்குத் தெரியாதவரல்லர். வீட்டில் யாரும் உச்சவரம்பு பேசி வைக்காததால், நாற்பத்தெட்டு மணி நேர அவகாசத்தில் பயம் முடிவெடுத்துவிட்டது.

அதனால்தான் மனைவியின் அக்கறையை மதித்தும் அவரோடு நான் உடன்படவில்லை. மகளிடம் சொல்லுங்கள், விண்ணப்பத்துக்கு முன்பே சொல்லுங்கள். வீட்டில் பணம் போதாது என்பதைப் பதினேழு வயதுப் பெண் எப்படியும் ஊகித்துவிடுவாள். எவ்வளவு போதாது என்பது தெரியாமல் இருப்பதுதான் அவள் கவனத்தைச் சிதறடிக்கும். அவளிடம் சொல்ல வேண்டியவை இரண்டே: எந்தத் தொகைக்கு மேல் குடும்பத்தால் போக முடியாது, முதல் முயற்சியில் இடம் கிடைக்காவிட்டால் மறுமுயற்சி எத்தனை முறை. மறுமுயற்சிக்கு ஆகும் செலவைப் பயிற்சிக் கட்டணத்தோடு நிறுத்தாமல், அவள் மருத்துவராகச் சம்பாதிக்கத் தொடங்குவது ஓராண்டு தள்ளிப்போவதையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரு முறை என்பது நியாயமான வரம்பு என்பேன். அதற்குமேல் போவதானால் இணையாக வேறு பட்டப்படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும்.

இடம் கிடைக்காத வாரத்தில், வேறொரு நாட்டில் பாதிச் செலவில் மருத்துவம் என்று முகவர்கள் அழைப்பார்கள். உலக மருத்துவப் பள்ளிகள் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருப்பதைக் காட்டுவார்கள். அந்தப் பட்டியலில் இருப்பது அங்கீகாரம் ஆகாது. மகள் எந்த நாட்டில் மருத்துவம் பார்க்க நினைக்கிறாளோ, அந்த நாட்டின் மருத்துவ ஆணையம் அந்தப் பட்டத்தை ஏற்குமா, உரிமத்துக்கு எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்று எழுத்தில் தெரிந்துகொள்ளும் வரை ஒரு காசும் கட்ட வேண்டாம்.

மகளோடு பேச உட்காரும் அன்று தம்பியையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நான்கு ஆண்டில், அக்கா படிப்பின் நடுவில் இருக்கும்போதே, அவன் முறை வந்துவிடும். நீங்கள் சேர்த்திருக்கும் அந்தப் பாதியில் அவனுக்கென்று எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.