பேட்ச் போடுவதற்கு முன் டிஸ்க்கைப் பாருங்கள்

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் உள்ள எங்கள் அலுவலகத்தில் இரண்டு சேர்வர்கள். ஒன்றின் இயங்குதளம் டெபியன், மற்றதில் ஃப்ரீபிஎஸ்டி. திரும்ப எழும்பாமல் போய்விடுமோ என்ற பயத்தில் இரண்டு வருடமாகப் பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போடவில்லை. டெபியன் சேர்வரின் ரெய்டில் (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்த அமைப்பு) ஒரு டிஸ்க் எப்போதோ செத்திருக்கிறது, தற்செயலாகத்தான் கண்டோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் கண்காணிப்பு, அப்புறம்தான் பேட்ச். நீண்டகாலம் ரீபூட் பண்ணாத சேர்வர் எழும்பாவிட்டால் பழி பேட்ச்சின் மேல் விழும். பல நேரம் காரணம் வேறு: ஏற்கெனவே பழுதான டிஸ்க், அல்லது யாரோ கையால் மாற்றிவிட்டுக் கோப்பில் எழுதாமல் விட்ட ஒரு செட்டிங்.

உங்கள் டிஸ்க் செத்தது ஏன் தெரியவில்லை? ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் வைக்கும் ரெய்ட் 1, ஒரு டிஸ்க்கை இழந்தாலும் தொடர்ந்து ஓடும். மென்பொருள் ரெய்ட் என்றால் அதைக் கவனிக்கும் எம்டிஆட்ம் நிரல் எச்சரிக்கை அனுப்ப முயன்றிருக்கும். ஆனால் டெபியனில் அது வழக்கமாக ரூட் (நிர்வாகி) கணக்குக்குத்தான் போகும். அந்த அஞ்சல்பெட்டியை யார் திறந்து பார்க்கிறார்கள்? ஆகவே முதல் வேலை, ரூட்டுக்கு வரும் அஞ்சலை உங்கள் கைப்பேசிக்கு வரும் முகவரிக்குத் திருப்புவது. திருப்பியபின் எம்டிஆட்மின் சோதனை எச்சரிக்கையை அனுப்பிப் பாருங்கள். அது கைக்கு வரும்வரை கண்காணிப்பு இருப்பதாகவே எண்ண வேண்டாம்.

அடுத்து இரண்டிலும் ஸ்மார்ட்மோன்டூல்ஸ். டிஸ்க் தன் நிலை பற்றித் தானே பதியும் ஸ்மார்ட் விவரத்தைப் படிக்கும் கருவி இது. மறுஒதுக்கீடு செய்த செக்டர் (டிஸ்க்கின் சிறு பகுதி), நிலுவையில் உள்ள செக்டர், திருத்த முடியாத பிழை ஆகிய மூன்று எண்களையும் கவனியுங்கள். பூச்சியமாக இருந்த எண் ஏறத் தொடங்கினால் மாற்று டிஸ்க் தேடுங்கள். அதேநேரம் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எந்த ஸ்மார்ட் பிழையும் காட்டாமலே போயிருந்தன. ரெய்ட் கார்ட் இருந்தால் அது டிஸ்க்குகளை மறைத்துவிடும். ஸ்மார்ட்மோன்டூல்ஸுக்குக் கார்டின் வகையைச் சொல்லிக் கேட்டால்தான் ஸ்மார்ட் விவரம் கிடைக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் இசட்எஃப்எஸ் கோப்புமுறை இருந்தால், அதன் நிலையைத் தினசரி அறிக்கையில் சேருங்கள், ஸ்க்ரப்பையும் (தரவு முழுவதையும் படித்துப் பிழை தேடும் சோதனை) ஒழுங்காக ஓடவிடுங்கள். மின்விசிறி, வெப்பம், பவர் சப்ளைக்கு ஐபிஎம்ஐ (சேர்வரின் வன்பொருளைக் கண்காணிக்கும் வசதி) போதும். நம் ஊர் வெக்கையிலும் தூசியிலும் மின்விசிறியை லேசாக எடுக்கக் கூடாது.

சேர்வரே செத்தால் எச்சரிக்கை எப்படி வரும்? ஒன்றை மற்றது பார்க்கும்படி வையுங்கள். நாளுக்கொரு "உயிரோடு இருக்கிறேன்" அஞ்சலும் வரட்டும். அது வராத நாள்தான் நீங்கள் எழும்பிப் போய்ப் பார்க்க வேண்டிய நாள்.

சரி, இனி பேட்ச். செத்த டிஸ்க்கை மாற்றி ரெய்ட் முழுதாகும்வரை தொடாதீர்கள். பக்கப்பை (தரவின் காப்புப் பிரதியை) வேறொரு கணனியில் மீட்டுப் பாருங்கள். பிறகு எந்தப் பேட்ச்சும் போடாமல் ஒருமுறை ரீபூட் மட்டும் செய்யுங்கள். அதில் எழும்பாவிட்டால் பேட்ச்சில் குற்றமில்லை என்பது அப்போதே தெளிவாகிவிடும். போயா விடுமுறையில், காலையிலேயே தொடங்கினால் திருத்த ஒரு முழுப் பகல் இருக்கும்.

ஃப்ரீபிஎஸ்டியின் உபபதிப்பு ஒன்றுக்கு, அடுத்தது வந்து 3 மாதம் வரைதான் பொதுவாக ஆதரவு உண்டு. இரண்டு வருடப் பழையது என்றால் பேட்ச் மட்டும் போதாது, ஆதரவுள்ள பதிப்புக்கே ஏற வேண்டியிருக்கும். இசட்எஃப்எஸ்ஸில் முதலே ஒரு பூட் என்விரான்மென்ட் (இயங்குதளத்தின் அப்போதைய நிலை) எடுத்துவைத்தால், ஏதும் பிழைபோனாலும் பழையதிலிருந்து பூட் பண்ணலாம். டெபியனில் பாதுகாப்புப் பேட்ச்சுகளைத் தானாக இறங்க விடலாம். ஆனால் ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்) புதிதாகியும், ஓடிக்கொண்டிருக்கும் சேவை நினைவகத்தில் பழையதையே வைத்திருக்கும். நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி எவற்றை மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்று காட்டும். கேர்னல் (இயங்குதளத்தின் கரு) பேட்ச்சுக்கு ரீபூட் கட்டாயம்.

இன்னொன்று: ஒத்துவரும் டிஸ்க் கொழும்பிலிருந்து வந்து சேரும்வரை ரெய்ட் ஒற்றைக் காலில்தான் நிற்கும். ஒரு மாற்று டிஸ்க்கை இப்போதே வாங்கி அலுமாரியில் வையுங்கள்.