கசந்த கடலை, நனைந்த நெல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐப்பசி மழைக்குப் பிறகு வந்த கடிதங்கள் இவை. பெரும்பாலும் நெல்லிலும் நிலக்கடலையிலும் பிடித்த பூஞ்சையைப் பற்றித்தான். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

நீடாமங்கலம் வாசகர்: குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலிலேயே நனைந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டது. காயவைத்து அவித்துச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாமா?

எத்தனை நாள் ஈரத்தோடு குவிந்து கிடந்தது என்று எழுதவில்லையே! அதுதானே முதல் விவரம். மறுநாளே களத்தில் பரப்பியிருந்தால் பயமில்லை. அங்கொன்று இங்கொன்று முளைவிட்டிருப்பதும் நஞ்சு ஆகாது. நாலைந்து நாள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது என்றால், குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். உள்ளே சூடு தெரிந்து, பூசண வாடை அடித்து, அரிசியும் மஞ்சளாகவோ கறுப்பாகவோ இருந்தால் சாப்பாட்டுக்கு வேண்டாம். அவித்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சூட்டில் பூஞ்சை சாகும், அது விட்டுப்போன நஞ்சு போகாது. அஃப்லாடாக்சின் என்ற அந்த நஞ்சு சிதைய 250 டிகிரி போல வேண்டும். நெல் அவிக்கும் அண்டாவில் 100தான்.

இன்னொன்று. 17 சதவீதம் என்பது கொள்முதலுக்குச் சொல்லும் ஈரப்பதம். வீட்டில் மூட்டை போட்டு வைக்க 13, 14க்கு இறங்க வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பாதி வீடுகளில் நெல் கெடுகிறது.

கும்பகோணம் வாசகி: ரொட்டித் துண்டில் ஒரு ஓரம் மட்டும் பச்சையாக இருந்தது. அதைக் கிள்ளிப் போட்டுவிட்டு மற்றதைப் பிள்ளைக்குக் கொடுத்தேன். சரியா?

சரியில்லை. கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவது பூஞ்சையின் வித்து. அதன் இழை மெத்தென்ற ரொட்டிக்குள் வெகுதூரம் ஓடியிருக்கும். பாக்கெட்டோடு தூக்கிப் போடுங்கள். ஒரு தடவை தின்றதற்காகப் பதற வேண்டாம்.

பட்டுக்கோட்டை வாசகர்: விதைக்கும் வீட்டுக்கும் நல்ல கடலையைப் பொறுக்கிக்கொண்டு, சொத்தையையும் சுருங்கலையும் செக்குக்குக் கொடுத்துவிடுவோம். புண்ணாக்கு மாட்டுக்கு. காலங்காலமாக நடப்பதுதானே, இதில் என்ன தவறு?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நீங்கள் பொறுக்கி ஒதுக்கிய அந்தச் சொத்தையில்தான் மொத்த அறுவடையின் நஞ்சில் பெரும்பங்கு சேர்ந்து இருக்கிறது. ஒரு சொத்தைக் கடலையை எடுத்து இரண்டாகப் பிளந்து பாருங்கள். தோல் கறுத்துச் சுருங்கியிருக்கும். இரண்டு பருப்புக்கும் நடுவே உள்ள குழியில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒரு பொடி ஒட்டியிருக்கும். அதைச் செக்கில் போட்டால் எண்ணெயோடு போவது கொஞ்சம்தான், பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கிவிடும்.

புண்ணாக்கு எங்கே போகிறது? 2 கிலோ தின்னும் மாட்டைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் நஞ்சு இருந்தால் மாட்டின் வயிற்றுக்குள் 200 போகிறது. அதில் 2 சதவீதம் போல, அதாவது 4 மைக்ரோகிராம், அஃப்லாடாக்சின் எம்1 என்ற உருவத்தில் பாலுக்கு வரும். எட்டு லிட்டர் கறக்கிற மாடு என்றால் லிட்டருக்கு அரை மைக்ரோகிராம். இந்தியாவில் பாலுக்கு அனுமதித்த உச்ச அளவே அதுதான். பாலைக் காய்ச்சினாலும் போகாது, தயிராக்கினாலும் போகாது. அந்தப் பாலை அதிகம் குடிப்பது வீட்டில் சின்னப் பிள்ளைதான்.

இந்த நஞ்சு வெளிச்சத்துக்கு வந்ததே தீவனத்தால்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்தன. தேடிப் பார்த்தபோது காரணம் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ‘மாடுதானே’ என்று கேட்கிறோம். எனக்குத் தாங்கவில்லை.

போதாக்குறைக்கு, ஓடு உடைக்க லேசாக இருக்கும் என்று காய்ந்த காய்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். வெயிலில் நாள் கணக்கில் காயவைத்து ஈரத்தை 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்த கடலை அது! ஒரு குடம் தண்ணீரில் அத்தனையும் பாழ். தெளித்த காயை அன்றே திரும்பக் காயவைப்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஒதுக்கிய சொத்தையைத் தோண்டிப் புதையுங்கள். மாட்டுக்கும் வேண்டாம், கோழிக்கும் வேண்டாம். கெட்ட புண்ணாக்கை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் தெளிந்துவிடும்.

மயிலாடுதுறை வாசகர்: பூஞ்சை பிடித்ததைத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன். கேன்சர் வருமா?

எதைச் சாப்பிட்டீர்கள்? எவ்வளவு? இரண்டும் இல்லாமல் எழுதினால் நான் எதை வைத்துச் சொல்வது? பொதுவாகச் சொல்கிறேன். ஒரு கைப்பிடி கசந்த கடலையால் கல்லீரல் புற்று வருவதில்லை. வருஷக்கணக்காக அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதுதான் ஆபத்து. ஒரேயடியாக நிறையப் போனால் அது வேறு கதை. 2004இல் கென்யாவில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்று 125 பேர் இறந்தார்கள். ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்கு அதே அளவு நஞ்சு 30 மடங்கு போலக் கெடுதல் செய்யும். ஆகவே அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி விட்டுப்போகாமல் பாருங்கள். கடலை கசந்தால் விழுங்காமல் துப்புங்கள்.

பேராவூரணி வாசகர்: கொப்பரையில் கறுப்பு படர்ந்திருக்கிறது. சுரண்டிவிட்டு ஆட்டலாமா?

வேண்டாம். ஈரம் 6 சதவீதத்துக்கு இறங்கும் வரை கொப்பரையைக் கட்டி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் களத்தை நம்பாமல் உலர்த்தும் இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். திரும்பவும் சொல்கிறேன், சுரண்டினாலும் வறுத்தாலும் நஞ்சு போகாது.

திருவையாறு வாசகர்: வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா? நீல விளக்கு விற்கிறார்கள்.

விளக்கில் பச்சை மஞ்சளாக மின்னுவது நஞ்சு அல்ல, பூஞ்சை விட்ட வேறொரு பொருள். மின்னாத கடலையிலும் நஞ்சு இருக்கும். தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது, அங்கே கொடுங்கள். மேலாக ஒரு பிடி அள்ளிக்கொண்டு போகாதீர்கள். ஆயிரம் கடலையில் இரண்டு மூன்றில்தான் நஞ்சு இருக்கும், அதுவும் எக்கச்சக்கமாக. மூட்டையின் மேல், நடு, அடி என்று பல இடத்தில் எடுத்துக் கலந்து இரண்டு மூன்று கிலோவாகக் கொடுங்கள்.

திருத்துறைப்பூண்டி வாசகி: பழைய சோறு புளிப்பதும் பூஞ்சையா?

இல்லை, அது பாக்டீரியாவின் வேலை. தாராளமாகச் சாப்பிடுங்கள். மேலே பஞ்சு போல ஏதாவது மிதந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள், அப்போதும் மாட்டுத் தொட்டியில் அல்ல.