அம்மாவின் மறதி: வயதா, மாத்திரையா, காதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஒரு வருடமாக மறதி. கடைக்குப் போய் என்ன வாங்க வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறார். பேத்தி பெயரைச் சொல்லிப் பேரனைக் கூப்பிடுகிறார். போன மாதம் காலை மாத்திரையை இரண்டு தடவை போட்டுவிட்டார். 12 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். குளிரில் மூக்கு ஒழுகுவதால் தினமும் ராத்திரி ஒரு சளி மாத்திரை. காதும் மந்தம். வயதானால் இப்படித்தானா டாக்டர்? ஞாபகசக்திக்கு டானிக் உண்டா?

பதில்: டானிக் வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டையும் பாலும் வாங்கிக் கொடுங்கள்.

வயதாக ஆக, மூளையில் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை தேய்கிறது, செல்களுக்கு இடையிலான இணைப்புகள் குறைகின்றன. புது விஷயங்களைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் மெல்லச் சுருங்குகிறது. அதனால் பெயர் சட்டென்று வாயில் வராது. மேகமூட்டத்தில் மலை ஏறும் பஸ் மாதிரிதான், மெதுவாக வந்தாலும் ஊர் வந்து சேர்ந்துவிடும். கை பழகிய வேலைக்கு மூளையில் வேறு இடம். இன்றைக்கும் உங்கள் அம்மாவைத் தேயிலைச் செடி முன்னால் நிறுத்திப் பாருங்கள், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரல் தானே கிள்ளும்.

பேர் மாறுவது, கடையில் திகைப்பது இதெல்லாம் வயதோடு வரக்கூடியதுதான். மாத்திரையை இரண்டு முறை போட்டதை மட்டும் நான் அப்படி விடமாட்டேன். அதே சமயம், உடனே டிமென்ஷியா என்ற மறதி நோய் என்று பயப்படவும் வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே மூன்று காரணங்கள் இருக்கின்றன.

மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் உடலில் பி12 என்ற வைட்டமின் குறையலாம். பி12 குறைந்தால் மறதி வரும், கால் மரத்துப்போகும். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். கூடவே தைராய்டையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் அந்தச் சளி மாத்திரை. மலையில் அதை மிட்டாய் மாதிரி சாப்பிடுகிறோம், எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. குளோர்பெனிரமின் கலந்த மாத்திரை, ஞாபகத்துக்கு மூளை பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கும். வயதானவர்களுக்கு மறுநாள் பகலிலும் மந்தம் நிற்கும். அட்டையைத் திருப்பி அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், வேறு என்ன கொடுக்கலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

காதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டீ ஃபேக்டரியில் மிஷின் சத்தத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை, "எதைச் சொன்னாலும் மறந்துவிடுகிறார்" என்று மருமகள் அழைத்து வந்தார். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார். முதுகுப் பக்கம் நின்று பெயரைக் கேட்டேன், அதற்கும் "ஆமாங்க". இரண்டு காதிலும் அழுக்கு கல்லாக அடைத்திருந்தது. எடுத்துவிட்டு, காது மிஷினும் வைத்த பிறகு வீட்டுப் பேச்சு அவருக்கு நினைவில் நின்றது. காதில் விழாதது மனதில் எப்படிப் பதியும்?

கொழுந்து பறித்த காலத்தில் நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கியவர், இப்போது வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். 2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்த முதியவர்களுக்கு ஒரு வருடத்தில் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதானது. பனி விலகியதும் கூட்டிக்கொண்டு நடங்கள்.

பழகிய பாதையிலேயே வழி தவறினாலோ, சமையலில் அடுத்து என்ன செய்வது என்று குழம்பினாலோ நரம்பு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால், அது சிறுநீர்த் தொற்றாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கிழமை எழுதிய மாத்திரை டப்பா ஒன்று இன்றே வாங்குங்கள். பி12 ரிப்போர்ட் வந்ததும் அதில் உள்ள எண்ணை எழுதி அனுப்புங்கள், ஊசியா மாத்திரையா என்று சொல்கிறேன்.