பன்றிக் கொட்டகைக் குளத்தில் மீன் விடியலில் வாய் பிளப்பது பற்றி

குடியாத்தம் நண்பருக்கு,

பன்றிச் சாணம் ஓடி வர்ற 50 சென்ட் மீன் குளம், 18 பன்றி, விடியற்காலை மீன் மேலே வந்து வாய் பிளக்குது, தண்ணி கரும்பச்சைன்னு எழுதியிருக்கீங்க. இது நோய் இல்லை, ஆக்சிஜன் பற்றாக்குறை. மருந்துக் கடைக்கு ஓடாதீங்க.

ஏக்கருக்கு 12 முதல் 16 பன்றிதான் கணக்கு. உங்க குளம் 6–8 பன்றியின் சாணத்தைத்தான் தாங்கும். மிச்சத்தால் பாசி பெருகும். அது ராத்திரி ஆக்சிஜனை இழுத்துக்கும். ஐப்பசி, கார்த்திகை மேக மூட்டத்தில் பகலிலும் சரியா உற்பத்தி ஆகாது.

இன்னைக்கே சாணக் கால்வாயை அடைச்சு, மீன் தீவனத்தையும் நிறுத்துங்க. போர் தண்ணியைக் குழாய் வழியா நேரா குளத்து அடியில விடாதீங்க, அதில் ஆக்சிஜன் ரொம்பக் குறைவு. குழாயில் ஓட்டை போட்டு, ஆள் உயரத்திலிருந்து தூவுற மாதிரி விடணும். ராத்திரி 2 மணியிலிருந்து வெயில் ஏறும் வரை. பச்சைத் தண்ணியில் சுட்ட சுண்ணாம்பு கொட்டச் சொல்வாங்க, கேட்காதீங்க. காரத்தன்மை ஏறினா அம்மோனியா விஷமாகி, மிச்ச மீனும் போயிடும்.

கையை முழங்கை வரை தண்ணியில் விடுங்க. மணிக்கட்டு முங்கும்போதே உள்ளங்கை மறைஞ்சா சாணம் வேண்டாம். முழங்கை நெருங்கும்போது மறைஞ்சா மறுபடி தொடங்கலாம்: காலை 9 மணிக்கு மேல, கொஞ்சமா, ஒரே மூலையில் குவியாம பரப்பி. மேக மூட்ட நாளில் கிடையவே கிடையாது.

மீதிச் சாணத்துக்குத் தனிக் குழி வெட்டுங்க, தென்னைக்கு ஆகும். பன்றிக்கு ஊசி போட்ட நாள்களில் கொட்டகைக் கழுவு தண்ணியும் அந்தக் குழிக்கே போகணும்.

எத்தனை மீன் குஞ்சு விட்டீங்கன்னு சொல்லலையே? 1,700-க்கு மேல இருந்தா பெரிசைப் பிடிச்சு வித்துடுங்க.